கெட்டிமேளத்துக்குப் பின்னால்

அத்தியாயம் 11

சுவருக்குள் ஓடும் கேபிளை மாற்றுவது எப்படி என்று நஞ்சுண்டன் மூன்று வாரமாக வீடியோ பார்த்துப் படித்திருந்தார். செய்து முடிக்க நாற்பது நிமிஷம்தான் ஆனது. பழைய கேபிளின் வாலில் புதுக் கேபிளின் தலையை டேப் சுற்றிக் கட்ட வேண்டும். அந்தப் பக்கம் இவர் தள்ள, இந்தப் பக்கம் டீவிக்குப் பின்னால் நின்று புஷ்பவல்லி இழுக்க வேண்டும்.

“ஏனுங்க, வருதுங்களா?”

“இழுத்தாத்தானே வரும்? சித்தெ மெதுவா இழு அம்மிணி, அத்துக்கப் போகுது.”

“இழுக்கறதா, மெதுவா இழுக்கறதா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. எனக்கு அடுப்புல பருப்பு வெந்துட்டிருக்குது.”

டெக்சாஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில் இந்த வீட்டை ஆரம்பத்திலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு மூன்று வாரக் கூத்தும் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். நஞ்சுண்டன், புஷ்பவல்லி தம்பதியின் ஒரே மகன் மதன். ஆவணியில் கோபிசெட்டிபாளையத்தில் விஷாகாவுக்குத் தாலி கட்டினான். அவனாகப் பார்த்து முடிவு செய்த பெண். அவள் அப்பா பசுபதியும் அம்மா விசாலாக்ஷியும் சென்னைக்காரர்கள். இருபது வருஷமாக இர்விங்கில் இருக்கிறார்கள்.

மதனும் விஷாகாவும் தங்கள் வீடு கட்டி முடியும் வரைக்கும் இங்கே மாடியில் இருக்கிறார்கள். மாடியில் ‘மீடியா ரூம்’ என்று பில்டர் கட்டிக் கொடுத்த அறை அவர்களுடைய ஆபீஸ் அறையாகிவிட்டது. ஆகவே நஞ்சுண்டனின் ஹோம் தியேட்டர் கீழே, சமையலறைக்கு நேர் எதிரே, தடுப்புச் சுவர் இல்லாத ஃபேமிலி ரூமுக்கு வந்து சேர்ந்தது.

ஹோம் தியேட்டர் ஆசை அவருக்கு முன்பு கிடையாது. போன மாதம் தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு இர்விங் போனபோது, பசுபதி தன் வீட்டில் ஏழு ஸ்பீக்கர் வைத்து ஒரு மழைக் காட்சியைப் போட்டுக் காட்டினார். நஞ்சுண்டன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார், நனைந்துவிட்டதா என்று. திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் மூன்று மணி நேரமும் வாயே திறக்கவில்லை. மறுநாள் கடைக்குப் போய்விட்டார்.

இன்று சனிக்கிழமை. மதியம் சம்பந்திகள் வருகிறார்கள். கல்யாண வீடியோவை எல்லோருமாக உட்கார்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. மதன் மட்டும் இல்லை. ஆபீஸ் வேலையாக சான்டா கிளாரா போனவன் செவ்வாய்க்கிழமைதான் வருவான்.

இதில் விசாலாக்ஷிக்குத்தான் அவசரம் அதிகம். பெற்ற பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியதை அந்த அம்மாள் பார்க்கவே இல்லை. மேடையிலேயேதான் நின்றிருந்தார். ஆனால் சரியாக அந்த நிமிஷத்தில் இரண்டு கேமராக்காரர்கள் முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றுவிட்டார்கள். அவர் பார்த்ததெல்லாம் ஒரு கறுப்புச் சட்டையும் ஒரு ஒயர்ச் சுருளும்தான்.

“வந்துடுச்சு!” என்றார் நஞ்சுண்டன்.

திரையில் மண்டபம் வந்தது. இதற்கு முன்னாலும் வரும். ஆனால் ஒரு நிமிஷம் இருந்துவிட்டு, இருட்டாகி, பிறகு யோசித்து யோசித்துத் திரும்ப வரும். பதினோரு வருஷத்துக்கு முன் பில்டர் போட்ட கேபிளுக்கு இத்தனை பெரிய படத்தைத் தூக்கிக்கொண்டு போக வலுவில்லை. புதுக் கேபிளில் படம் ஆடாமல் அசையாமல் நின்றது. மாவிலைத் தோரணத்தில் ஒரு இலையின் ஓட்டை கூடத் தெரிந்தது.

புஷ்பவல்லி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து பார்த்தாள்.

“ஏனுங்க, இத்தனை தெளிவு எதுக்குங்க? மூக்குத்திகிட்ட எனக்குப் பவுடர் திட்டுத் திட்டா நிக்குது.”

“அதான் ஃபோர்-கே.”

“உங்க ஃபோர்-கேயை நீங்களே வெச்சுக்குங்க. பழைய டீவியில நான் நல்லா இருந்தேன்.”

படம் வந்துவிட்டது. சத்தம்தான் பாக்கி. முன்னால் மூன்று ஸ்பீக்கரும் மூலையில் ஒரு பெட்டியும் ஒழுங்காகப் பாடின. சோபாவுக்குப் பின்னால் இரண்டு கம்பங்களில் நின்ற ஸ்பீக்கர்கள் மட்டும் வாங்கின நாளிலிருந்து மௌன விரதம். நஞ்சுண்டன் ஒயரை மாற்றினார், ஸ்பீக்கரை மாற்றினார், கடைக்காரரைத் தமிழில் திட்டினார். கடைசியில் பார்த்தால், படம் ஓட்டுகிற சின்ன டப்பாவின் மெனுவுக்குள், ஆறாவது பக்கத்தில், ‘இரண்டு சேனல் மட்டும்’ என்று ஒரு புள்ளி பச்சையாக இருந்தது. எத்தனை சேனலில் பதிவு செய்திருந்தாலும் அந்த டப்பா இரண்டாகப் பிசைந்துதான் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. புள்ளியை மாற்றினார். சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற ரிசீவரின் முகப்பில் ஐந்து சின்னக் கட்டங்களும் ஒன்றாக ஒளிர்ந்தன.

முதல் காரியமாக அதைப் போட்டோ எடுத்துப் பசுபதிக்கு அனுப்பினார். “ஃபைவ் பாயிண்ட் ஒன் வந்துட்டுதுங்க சம்பந்தி!” ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. “சூப்பர். டெம்பிள் டவுன் தாண்டியாச்சு. முகூர்த்தத்தை ஃபுல் சரவுண்ட்ல கேக்கறோம்!”

இந்த அவசரத்துக்கு நஞ்சுண்டன் பத்து நிமிஷத்திலேயே வருத்தப்படப் போகிறார்.

கல்யாணத்தைப் படம் எடுத்த ஈரோட்டு வீடியோக்காரர் தொழிலில் கெட்டி. சரவுண்ட் சவுண்டில் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி, நாதஸ்வரத்துக்கு முன்னால் இரண்டு மைக்கும் மணவறையின் பின்தூண்களில் இரண்டு மைக்கும் கட்டியிருந்தார். ஜனங்களின் சத்தம் தனியாகக் கிடைக்க வேண்டுமாம். பின்தூண் பக்கம் யார் யார் நின்றார்கள் என்று அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

“முகூர்த்தத்தையே போடறேன். உக்காரு இப்படி.”

ஐயர் கையைத் தூக்கினார். கெட்டிமேளம் எழுந்தது. தவிலும் நாதஸ்வரமும் முன்னால் டீவிப் பக்கமிருந்து வந்தன. சோபாவுக்குப் பின்னாலிருந்து, நிஜமாகவே பின்னால் ஆட்கள் நிற்பதைப் போல, குழந்தை அழுகிற சத்தமும் வளையல் சத்தமும் பேச்சுச் சத்தமும் வந்தன.

“கேட்டியா! மேளம் தனி, ஆளுங்க தனி! ஒரு பொம்பளை பேசறது எப்படிக் கேக்குது பாரு!” நஞ்சுண்டன் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தார்.

புஷ்பவல்லிக்கு அந்தப் பொம்பளையைத் தெரியும்.

“இரு, இன்னொருக்கா போடறேன்.”

“வேண்டாமுங்க.”

அவர் போட்டுவிட்டார். இந்த முறை வார்த்தைகளைக் கேட்டார்.

“எனக்கு இதுல மனசே இல்ல பவளம். அவன் ஒத்தக்கால்ல நின்னான், சரின்னுபோட்டேன். இது எத்தனை நாளைக்குன்னு பாக்கத்தானே போறோம்.”

பவளம் என்பது புஷ்பவல்லியின் தங்கை. “ஸ்ஸ், அக்கா!” என்று அவள் அடக்குகிற சத்தமும் கேட்டது. மேளம் நின்றது. அட்சதை விழுந்தது.

நஞ்சுண்டன் டீவியை நிறுத்தினார்.

“இது நீ பேசினதா?”

“ம்.”

“தாலி கட்டற நேரத்துலயா?”

“கெட்டிமேளம் அடிக்கற நேரத்துல யாருக்குங்க கேக்கும்? பக்கத்துல நின்ன பவளத்துக்கே அரைகுறையாத்தான் கேட்டுது.”

அவள் சொல்வதும் நியாயம்தான். கெட்டிமேளம் கொட்டுவதே அதற்குத்தானே? தாலி ஏறுகிற நிமிஷத்தில் யாராவது தும்மினாலும், வேண்டாத வார்த்தை சொன்னாலும் காதில் விழக்கூடாது. தலைமுறை தலைமுறையாக அந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்துவந்தது. மேளத்தை ஒரு பக்கமும் பேச்சை ஒரு பக்கமும் பிரித்துக் கொடுக்கிற சாமான் வீட்டுக்கு வரும் என்று யார் கண்டார்கள்?

அந்த வார்த்தையைப் புஷ்பவல்லி மறந்தே போயிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே மனசில்லை. வேறு ஊர், வேறு பழக்கம், மகன் தன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டான் என்ற கோபம். அதெல்லாம் இந்த மூன்று மாதத்தில் எங்கே போனது என்று அவளுக்கே தெரியாது. ஐப்பசியில் கடைவாய்ப் பல் வேர் வரைக்கும் போய்விட்டபோது, விஷாகாதான் லீவு போட்டு அழைத்துப் போனாள். கிளினிக்கில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து கஞ்சி வைக்கிறேன் என்று அடிப்பிடிக்க வைத்தாள். அந்தக் கஞ்சியைப் புஷ்பவல்லி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

இப்போது வீட்டில் அவள் அதிகம் பேசுவது மருமகளோடுதான். மகன் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே ‘ம்’, ‘ஓகே’ என்று முடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். கல்யாணமான பையன்கள் எல்லாம் அப்படித்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் காதில் இது விழப்போகிறது. அவளைப் பெற்றவர்களை வைத்துக்கொண்டு.

“ஏனுங்க, ரிப்பேர் ஆயிடுச்சுன்னு சொல்லிப்போடுங்க.”

“போட்டோ அனுப்பிப்போட்டேன்.”

“எல்லாத்துக்கும் உங்களுக்கு அவசரம்!”

“ரிப்பேர்னு சொன்னா அவரு சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு எறங்கிடுவாரு. பத்து நிமிஷத்துல சரி பண்ணிப்போடுவாரு. அப்புறம் எம் மொகத்தை எங்க வெச்சுக்கறது?”

“இங்க என் மானம் போகுது. நீங்க ஸ்பீக்கர் மானத்தைப் பாக்கறீங்களா?”

“முகூர்த்தத்தைத் தாண்டி ஓட்டிப்போடலாம்.”

“அந்தம்மா அதைப் பாக்கத்தான் இத்தனை தூரம் வருது.”

கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. விஷாகா இரண்டு பைகளோடு உள்ளே வந்தாள். வயது இருபத்தேழு, ஆறு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். தமிழ் பேசுவாள், பாதியில் இங்கிலீஷுக்குத் தாவுவாள்.

“அத்தை, ஃப்ரெஷ் கருவேப்பிலை கிடைச்சுது! மாமா, ஆல் டன்? ரியர் ஸ்பீக்கர் வந்துடுச்சா?”

“வந்துட்டுது கண்ணு,” என்றார் நஞ்சுண்டன், ஏதோ சாவுச் செய்தி சொல்வதைப் போல.

விஷாகா அவரைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பைகளைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

நஞ்சுண்டன் ஒரு வழி கண்டுபிடித்தார். ரிசீவரின் ரிமோட்டில் பின் ஸ்பீக்கர்களை மட்டும் தனியாகக் குறைக்கிற வசதி உண்டு. இப்போதே பாதியாகக் குறைத்து வைத்துவிடலாம். ஐயர் கையைத் தூக்கியதும் சுத்தமாக இறக்கிவிடலாம். தாலி கட்டி முடிந்ததும் ஏற்றிவிடலாம். பத்து செகண்ட் வேலை.

“ரிமோட் உங்க கையிலயே இருக்கோணும்,” என்றாள் புஷ்பவல்லி.

“இருக்கும்.”

சம்பந்திகள் இரண்டு மணிக்கு வந்தார்கள். விசாலாக்ஷி ஒரு டப்பா மைசூர்பாகும், பெண்ணுக்கு ஒரு ஸ்வெட்டரும் கொண்டு வந்தார். சாப்பாட்டின்போது மூன்று முறை, “நான் பாக்கவே இல்லீங்க, கடைசி வரைக்கும் அந்த முதுகுதான்” என்றார். மூன்றாவது முறை சொன்னபோது சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. புஷ்பவல்லி இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அதற்கு மேல் அவளால் என்ன செய்ய முடியும்?

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் சோபாவுக்கு வந்தார்கள். சரவுண்ட் சவுண்டுக்கு சோபாவின் நட்ட நடு இடம்தான் உத்தமமான இடம். அங்கே உட்கார்ந்தால்தான் ஐந்து ஸ்பீக்கரும் அளவாகக் காதில் விழும். அந்த இடத்தை சம்பந்திக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? பசுபதி நடுவில் அமர்ந்தார். பக்கத்தில் விசாலாக்ஷி. நஞ்சுண்டன் தனி நாற்காலியில் ரிமோட்டோடு உட்கார்ந்தார். ஒரு ஓரத்தில் புஷ்பவல்லி, இன்னொரு ஓரத்தில் கால் மடக்கி விஷாகா.

மாப்பிள்ளை அழைப்பு ஓடியது. பசுபதி படத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு நிமிஷம் ஆனதும் கண்ணைத் திறந்தார்.

“பிக்சர் ஃபென்டாஸ்டிக், சம்பந்தி. ஆனா கோச்சுக்காதீங்க, ரியர் லெவல் ரொம்ப டவுனா இருக்கு. க்ரவுடே கேக்கல. அந்த ரிமோட்டைக் கொஞ்சம் குடுங்க.”

“பரவாயில்லீங்க, இதே போதுமுங்க...”

“அட, குடுங்க சார். சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான்.”

சம்பந்தி வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்கிற பழக்கம் நஞ்சுண்டன் பரம்பரையிலேயே கிடையாது. கொடுத்துவிட்டார். புஷ்பவல்லி அவரைப் பார்த்த பார்வையில் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பசுபதி பின் ஸ்பீக்கர்களை ஒரு படி ஏற்றினார், காதைக் கொடுத்தார், இன்னொரு படி ஏற்றினார். திருப்தியானதும் ரிமோட்டைத் தன் தொடை மேல் வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கிற உத்தேசம் அவரிடம் தெரியவில்லை.

புஷ்பவல்லி எழுந்து சமையலறைக்குப் போனாள்.

திரையில் கூறைப்புடவை கட்டிக்கொண்டு விஷாகா மணவறைக்கு வந்தாள். விசாலாக்ஷி சோபாவின் நுனிக்கு நகர்ந்தார். தாலித் தட்டு சுற்றி வந்தது. ஐயர் கையைத் தூக்கினார்.

புஷ்பவல்லி மிக்ஸியைப் போட்டாள்.

அது கோயமுத்தூரிலிருந்து பெட்டியில் துணிக்கு நடுவே வந்த மிக்ஸி. கரண்ட் மாற்றுகிற டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்ந்து அது போடுகிற சத்தத்தில் பேசியவர்கள் கிடையாது. தவிலும் நாதஸ்வரமும் எங்கே போயின என்று தெரியவில்லை. சாயங்கால டிபனுக்கு எடுத்து வைத்திருந்த தேங்காய், பச்சைமிளகாய், பொட்டுக்கடலை எல்லாம் ஒரு வழியாகி, அட்சதை விழுகிறவரைக்கும் அவள் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஐயோ, மேளமே கேக்கலியே!” என்றார் விசாலாக்ஷி.

“டோன்ட் வொரி விசாலம், ரீவைண்ட் பண்ணிடலாம்,” என்றார் பசுபதி. “சம்பந்தியம்மா, நீங்களும் வந்து உக்காருங்க. சட்னி எங்க ஓடிப்போகுது?”

“இதோ வந்துட்டனுங்க. கொஞ்சம் நைஸா வரோணும்.”

படம் பின்னால் ஓடியது. புஷ்பவல்லியின் கை மறுபடி குமிழுக்குப் போனது. அதற்குள் அதன் மேல் இன்னொரு கை வந்து படிந்தது. விஷாகா.

“அத்தை, சட்னி பேஸ்ட் ஆயிடுச்சு. போதும்.”

“இன்னும் ஒரு சுத்து கண்ணு...”

“எனக்குத் தெரியும் அத்தை.” குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். “நீங்க பவளம் சித்திகிட்ட சொன்னது.”

புஷ்பவல்லி மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்படி?”

“கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வாரத்துல வீடியோக்காரர் லிங்க் அனுப்பினாரே, பேக்ரவுண்ட் சாங்ஸ் செலக்ட் பண்ணச் சொல்லி. ஹெட்ஃபோன்ல கேட்டா மேளத்துக்கு நடுவுல கேக்கும். லைட்டாத்தான் கேக்கும். பட் கேக்கும்.”

இரண்டு வாரத்தில். அப்படியென்றால் பல் வலிக்கு முன்னால். கஞ்சிக்கு முன்னால். ‘அத்தை, வாக் போலாமா’ என்று முதல் நாள் வந்து கூப்பிட்டதற்கும் முன்னால். எல்லாம் தெரிந்துகொண்டுதான் இந்தப் பெண் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். புஷ்பவல்லிக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

“ஏன் கண்ணு, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

“என்னன்னு கேக்கறது? அன்னிக்கு அப்படி நினைச்சீங்க, சொன்னீங்க. இப்பவும் அப்படித்தானான்னு கேக்க பயமா இருந்துது. ஆமான்னு சொல்லிட்டா?”

அந்தப் பக்கம் ஐயர் கையைத் தூக்கப் போகிறார். புஷ்பவல்லி முந்தானையைச் செருகிக்கொண்டு நேராகப் போய் டீவிக்கு முன்னால் நின்றாள்.

“நிறுத்துங்க சம்பந்தி.”

பசுபதி நிறுத்தினார்.

“இப்ப வர்ற எடத்துல பின்னாடி ஒரு குரல் வருமுங்க. அது என் குரல். உங்க பொண்ணைப் பத்திப் பேசக்கூடாத நேரத்துல பேசக்கூடாத பேச்சுப் பேசியிருக்கறேன். அதுக்குத்தான் மிக்ஸி போட்டேன். ஸ்பீக்கர் சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிப்போடறேன். அன்னைக்கு எனக்கு மனசில்ல. இன்னைக்கு அவ இல்லாம எனக்கு ஒரு நாள் ஓடாது. ரெண்டுமே நெசம்.”

நஞ்சுண்டன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். இப்படி நின்று பேசக்கூடியவள் என்று முப்பது வருஷமாக அவருக்குத் தெரியாது.

“என்ன பேசினீங்க?” என்றார் விசாலாக்ஷி.

புஷ்பவல்லி திரும்பி டீவியைப் பார்த்தாள்.

“என்னங்க, போடுங்க,” என்றார் விசாலாக்ஷி கணவரிடம்.

“விசாலம், லெட் இட் கோ. அவங்களே சொல்றாங்க...”

“என் பொண்ணுக்குத் தாலி ஏறினதைப் பாக்கத்தான் வந்தேன். போடுங்க.”

பசுபதி போட்டார். புஷ்பவல்லி டீவிக்கு முன்னாலிருந்து விலகி நின்றாள். கெட்டிமேளம் முன்னாலிருந்து வந்தது. பசுபதி காதைக் கொடுத்துக் கொடுத்துச் சரி செய்து வைத்த அளவில், சோபாவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் ஒரு எழுத்துத் தவறாமல் வந்தது. மனசே இல்ல பவளம். ஒத்தக்கால்ல நின்னான். எத்தனை நாளைக்குன்னு.

மூன்று வாரம் பாடுபட்டுச் செய்த வேலை இவ்வளவு நன்றாக வந்திருக்க வேண்டாம் என்று நஞ்சுண்டன் நினைத்தார்.

பசுபதியின் விரல் தானாக ரிமோட்டை அழுத்திவிட்டது. படம் நின்றது. திரையில் மதன் இரண்டாவது முடிச்சுப் போட்டுக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, ஒவ்வொரு தலைமுடியும் தனித்தனியாகத் தெரிய உறைந்திருந்தான். இந்த முறை விசாலாக்ஷி எல்லாவற்றையும் பார்த்தார். மறைக்க யாருடைய முதுகும் இல்லை.

அவர் எழுந்தார். கோபமாகக்கூட இல்லை. மளிகைச் சாமான் எடுத்து வைக்கச் சொல்கிற குரலில் சொன்னார்.

“விஷாகா, மேல போய் ஒரு பேக்ல துணி எடுத்து வை. மாப்பிள்ளை ஊர்லேர்ந்து வர்ற வரைக்கும் எங்ககூட வந்து இரு.”

புஷ்பவல்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன உரிமையில் சொல்வது?

“அம்மா,” என்றாள் விஷாகா. “இதைத் தெரிஞ்சுக்கிட்டுதான் மூணு மாசமா இந்த வீட்ல இருக்கேன். அப்பவே எடுக்காத பேகை இப்ப எதுக்கு எடுக்கணும்?”

விசாலாக்ஷி பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். புஷ்பவல்லி முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் வெளியே வராமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. விஷாகா போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பசுபதி தொண்டையைச் செருமிக்கொண்டு ரிமோட்டை நஞ்சுண்டனிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“சரி,” என்றார் விசாலாக்ஷி. “உனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

விஷாகா திரையில் உறைந்திருந்த மதனைப் பார்த்தாள்.

“உன்னைத்தான் கேக்கறேன். தன் அம்மா இப்படிச் சொன்னாங்கன்னு அவருக்குத் தெரியுமா?”

புஷ்பவல்லி முந்தானையை விலக்கினாள். இவ்வளவு நேரமும் சம்பந்திகளுக்குப் பயந்தவள், மருமகளுக்குப் பயந்தவள், மகனை நினைக்கவே இல்லை. இப்போது நினைத்தாள்.

“சொல்லு கண்ணு,” என்றாள். “அவனுக்குத் தெரியாதில்ல?”

விஷாகா தன் அம்மாவைப் பார்க்கவில்லை. புஷ்பவல்லியின் தோளிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

“தான் கேட்டுட்டு எனக்கு அந்த ஹெட்ஃபோனைக் குடுத்ததே மதன்தான், அத்தை.”